‘பாரம்பரிய உரிமை’ யாருடையது என்று எழுதுங்கள்: தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்தல் அறிக்கைக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். இம்மடல் ஒரு கட்சிக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. தமிழ்நாட்டில் தேர்தல் அறிக்கை தயாரிக்கும் எல்லாக் கட்சிகளின் குழுக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில், எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் எந்த அலுவலகத்துக்கு எதை எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் அறிக்கைகளில் எங்கள் கடற்கரையைக் குறித்து வரும் பத்தியைப் பற்றியும், அந்தப் பத்தியிலிருந்து எடுத்து எங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதப்படும் முழக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

மீனவர்களின் பாரம்பரிய உரிமையை மீட்போம், கடலோர மக்களின் கண்ணியம் காப்போம், கடல்வளம் காத்து வாழ்வாதாரம் பெருக்குவோம், அறம் சார்ந்த ஆட்சி தருவோம் என்ற வகையில் எழுதப்படும் வாசகங்களில், கட்சிக்குக் கட்சி சாயம்தான் மாறுகிறது, சொற்கள் பெரிதாக மாறுவதில்லை. இச்சொற்களை நான் பழிக்கவில்லை. உரிமை, கண்ணியம், மாண்பு, அறம் ஆகிய யாவும் மனிதருக்கு வேண்டியவைதாம். அவை யாருக்கு, எந்தக் கடலில், எந்தச் சட்டத்தின்படி, எவர் விட்டுக்கொடுத்துக் கிடைக்கப்போகின்றன என்று ஒரு வரியும் இல்லாமல் அச்சேறுகின்றன என்பதே என் குறை.

எல்லைக்கு அப்பால் ஒரு படகு பிடிபட்டால், அதன் உரிமையாளர் கொடுக்கும் மனு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம். என்று தொடங்கும் படகுப் பதிவு எண்ணில் ஓர் இலக்கம்கூடத் தவறக் கூடாது. எந்தத் தேதியில், எந்த இறங்குதளத்தில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனது, படகில் எத்தனை பேர், ஒவ்வொருவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி என்ன, இறுதியில் என்ன கேட்கிறோம் என்பதெல்லாம் வரிசையாக வர வேண்டும். ‘எங்கள் வாழ்வுரிமையைக் காக்க வேண்டுகிறோம்’ என்று மட்டும் எழுதிக் கொண்டுபோன மனு ஒன்றை, குறிப்பான கோரிக்கை இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுபோனவர் மனம் நொந்து என்னிடம் வந்தார். எனக்கு அந்த அலுவலர் மீது கோபம் வரவில்லை. வாழ்வுரிமையை எந்தக் கோப்பில் வைப்பது, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அரசிடம் கேட்கப்போகும் குடிமகன் இத்தனை குறிப்பாக எழுத வேண்டும் என்றால், அரசாக வரப்போகிறவர்கள் குடிமகனுக்கு எழுதித் தருவதில் அதில் பாதியாவது இருக்க வேண்டாமா?

பெரிய சொல்லைப் பொருள் வரையறுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நாங்கள் வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் எங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணையில், எல்லை வகுத்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன்படி கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதைப் பற்றி மேடையில் பேசாத கட்சியே இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்; நான் காட்ட விரும்புவது அவ்வுடன்பாட்டின் 5ஆம், 6ஆம் பிரிவுகளை. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்பது 5ஆம் பிரிவின் சாரம். இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடற்பரப்பில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்பது 6ஆம் பிரிவின் சாரம். கேட்பதற்கு இதமான வாசகங்கள்தாம். ஆனால் ‘இதுவரை போலவே’ என்பதில் என்ன அடங்கும்? தீவில் இறங்கி வலை காயவைப்பதும் இளைப்பாறுவதும் மட்டுமா, தீவைச் சுற்றி மீன் பிடிப்பதும் உண்டா? கலங்களின் பாரம்பரிய உரிமை என்பது கடந்துபோகும் உரிமையா, வலை போடும் உரிமையா? உடன்பாட்டில் விளக்கம் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங், மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகிய உரிமைகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருப்பதாக நாடாளுமன்றத்தில் கூறினார். பாதுகாக்கப்பட்டிருப்பதாக எங்கள் பெரியவர்களும் நம்பினார்கள்.

இரண்டே ஆண்டில், 1976 மார்ச்சில், மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அப்போது இரு அரசுகளின் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் மற்ற நாட்டின் கடற்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று, எவ்விதக் குழப்பத்துக்கும் இடமின்றி எழுதப்பட்டது. முதல் உடன்பாடு தந்த உரிமையைக் கடிதம் பறிக்க முடியுமா என்று வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடலாம். ஆனால் நடுக்கடலில் அந்த வாதத்துக்கு இடமில்லை. இலங்கைக் கடற்படையின் சுற்றுக்காவல் படகு வந்து நிற்கும்போது, ‘பாரம்பரியமாக’ என்ற சொல்லைக் காட்டித் தப்பித்து வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதே சொல்லைத்தான் நீங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் சுவரில் எழுதுகிறீர்கள், அன்று விடப்பட்ட விளக்கத்தை இன்றும் விட்டுவிட்டே.

பாம்பன் பாலத்துக்கு வடக்கே இருப்பது எங்களுக்கு வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்ற பெயர்களை நாங்கள் பெரும்பாலும் மனுவில்தான் எழுதுகிறோம். வடகடலில் விசைப்படகு வைத்திருப்பவர் பாரம்பரிய உரிமையை மீட்போம் என்று படித்தால், எல்லைக்கு அப்பால் உள்ள இறால் பரப்பில் அச்சமின்றி இழுவைமடி வலை போட வழிசெய்து தருவார்கள் என்று கொள்கிறார். அதே சுவரை நாட்டுப்படகுக்காரர் படித்தால், கரையோரக் கடலைச் சிறுதொழில் மீனவருக்கு ஒதுக்கும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தி, இரவில் தன் வலையை விசைப்படகு இழுத்துக்கொண்டு போகாமல் காப்பார்கள் என்று கொள்கிறார். இருவரும் ஒரே தெருவில் இருப்பார்கள், சில வீடுகளில் அண்ணன் தம்பியாகவே இருப்பார்கள். முழக்கம் எழுதியவர் இருவரில் எவருக்கும் பொய் சொல்லவில்லை, இருவருக்கும் உண்மையும் சொல்லவில்லை. கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடியில் பெரியது சிறியது எல்லாம் சேர்ந்து ஏறுவதைப் போல, இந்த ஒரு சொல்லில் எல்லாத் தரப்பு வாக்கும் சேர்ந்து ஏறுகிறது. அப்படிச் சேர்ந்து ஏற வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது என் கணிப்பு, தவறென்றால் சொல்லுங்கள்.

இந்த இரு தரப்புக்கும் இடையே சண்டையைக் குறைக்க இங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்பது பல்லாண்டாக இருந்துவரும் முறை. எவரும் அறம் பேசி அதைக் கொண்டுவந்துவிடவில்லை; எந்த நாள் யாருக்கு என்று எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதால் வந்தது. மீறல் அதிலும் உண்டு, அதற்காக நடக்கும் மறியலும் உண்டு. ஆனால் இன்ன கிழமை இன்ன படகு போயிருக்கக் கூடாது என்று கையை நீட்டிச் சொல்ல முடிகிறது. கண்ணியம் மீறப்பட்டது என்று அப்படிக் கை நீட்டிச் சொல்ல முடியுமா?

இதே மேடைகளில் அடுத்து வரும் சொல், தொப்புள்கொடி உறவு. இலங்கையின் வடக்கில் போர் நடந்த காலமெல்லாம் அங்கிருந்த மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். 2009க்குப் பிறகு மெல்ல மெல்ல மீண்டும் வலை எடுத்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்கள் பெரும்பாலும் வைப்பது செவுள்வலை, சிறிய படகில் போய், ஓரிடத்தில் விரித்துவிட்டுக் காத்திருக்கும் வலை. இரவில் எங்கள் பக்கத்து இழுவைமடி அந்த வழியே போனால் மறுநாள் காலையில் அங்கே வலை இருக்காது. வலை இழந்தவரும் தமிழர், தேவாலயத்தில் எங்களைப் போலவே அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர். ஒரே மேடையில், ஒரே மூச்சில், ‘நம் மீனவரின் பாரம்பரிய உரிமை’ என்றும் ‘தொப்புள்கொடி உறவு’ என்றும் முழங்கும்போது, இந்த இரண்டும் வடகடலில் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் பேசியபோது, கடலடி இழுவைமடிக்கு விரைவில் முடிவு கட்டுவதை நோக்கிப் போக வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 2017இல் இலங்கை அதைத் தன் சட்டத்திலேயே தடை செய்தது. உறவு என்ற சொல்லுக்கு இங்கே ஏதாவது பொருள் இருக்க வேண்டுமானால், இழுவைமடியை எந்த ஆண்டுக்குள் எப்படி நிறுத்துவீர்கள் என்பதுதான் அந்தப் பொருள்.

இதைச் சொல்வதால் விசைப்படகுக்காரரை நான் கைகழுவிவிடுவதாக நினைக்க வேண்டாம். இறால் ஏற்றுமதிக்காக 1960களுக்குப் பின் இழுவைமடியைப் பரப்பியது அரசு. மானியமும் கடனும் கொடுத்து, இதுதான் முன்னேற்றம் என்று சொல்லிப் படகு கட்ட வைத்ததும் அரசு. அவருடைய தகப்பனாருக்கு முன்னேற்றம் என்று சொல்லப்பட்டது, அவருக்குப் பாரம்பரியம் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மகனுக்கு எந்தச் சொல்லை வைத்திருக்கிறீர்களோ, அறியேன். படகில் பங்குக்கும் கூலிக்கும் போகிறவரைப் பற்றியோ எந்தச் சொல்லும் இல்லை. சிறைப்படுவதென்றால் அவர்தான் முதலில் சிறைப்படுகிறார்.

இனி தென்கடலுக்கு வருகிறேன். மண்டபம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையும் கடற்பசுவும் கடற்புல்லும் உள்ள பகுதி, காக்கப்பட வேண்டியதுதான். அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று வகைக்கொரு பெயர், பருவத்துக்கொரு விலை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டி, இடுப்பில் பையோடு முங்கிப் பறிக்கும் வேலை அது. அடையாள அட்டை கேட்டு மனு எழுத என்னிடம் வந்த ஒரு பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். கரையேறிக் குளித்துவிட்டு வந்தபிறகும், துணி சுற்றிய இடம் வெளுத்தும் சுற்றாத இடம் கருத்தும் வரிவரியாக இருந்தன. மனுவில் கைரேகை வைக்கும்போது மை சரியாகப் பிடிக்கவில்லை, மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த முழக்கத்தை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

“அண்ணே, பாரம்பரிய உரிமைன்னு எழுதிப் போட்டிருக்காகளாமே, அதுல பாசிக்குப் போற நாங்களும் வாரோமா, இல்ல படகு வச்சிருக்கவுகளுக்கு மட்டுமா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘மீனவர்’ என்று சொல்லும்போதே பல இடங்களில் கடலுக்குள் இறங்கும் பெண் கணக்கில் வருவதில்லை என்பதால் அவர் கேட்டது வீண் சந்தேகமன்று. உங்கள் அறிக்கைகளில் ‘கடல்வளம் காத்து வாழ்வாதாரம் பெருக்குவோம்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கோத்துவிடுவது எளிது. தீவோரக் கடலில் அவை இரண்டும் ஒன்றையொன்று தடுக்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் நுழையக் கூடாது என்பது காப்பு. நுழைந்தால்தான் அன்றைக்கு அடுப்பெரியும் என்பது வாழ்வாதாரம். எந்தத் தீவில், எந்த மாதங்களில், எந்த வகைப் பாசியை, எந்த அட்டை வைத்திருப்பவர்கள் எடுக்கலாம் என்று எழுதினால் இரண்டுக்கும் இடையே ஒரு வழி பிறக்கும். இடையில் ‘காத்து’ என்று ஒரு வினையெச்சத்தைப் போட்டு இரண்டையும் ஒட்டிவிடுவதால் பிறக்காது.

முழக்கம் என்றால் சுருக்கமாகத்தான் இருக்கும், சட்டப் பிரிவையா சுவரில் எழுத முடியும் என்று நீங்கள் கேட்கலாம். முடியும் என்று காட்டியதே தமிழ்நாடுதான். 1967 தேர்தலில் தி.மு.க. முழங்கிய ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பதைவிடச் சுருக்கமான முழக்கம் உண்டா? பொருள் எது, விலை என்ன, அளவு எவ்வளவு என்பதோடு, எது ஆசை, எது உறுதி என்ற பிரிப்பும் ஒரே வரியில் இருந்தது. வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்கத் தொடங்கினார்கள்; மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சிகள் அதை வைத்தே கேள்வி கேட்டன. படி என்ற அளவு இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. அந்த வரியை எழுதியவர்களுக்கு அதனால் சங்கடம் வந்திருக்கலாம், ஆனால் அரிசி வாங்க நின்ற பெண்ணுக்கு அதனால் பேச ஒரு பிடி கிடைத்தது.

விழுமியச் சொற்கள் எல்லாமே வெற்றுச் சொற்கள் என்று நான் சொல்லவில்லை. சுயமரியாதை என்பதைவிடப் பெரிய சொல் ஏது? ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் புரோகிதர் இல்லாமல், சடங்கில்லாமல் திருமணம் செய்து காட்டினார்கள். அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, அந்தச் சொல் ஒரு சட்டப் பிரிவைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 1967இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்று அது சொல்கிறது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்கிறது. சுயமரியாதை என்றால் என்ன என்று இன்று ஒருவர் கேட்டால், பதிவு அலுவலகத்தில் செல்லுபடியாகும் ஒரு விடை இருக்கிறது. சமூகநீதி என்ற சொல்லும் அப்படித்தான்: 69 விழுக்காடு என்ற எண்ணும், 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த 76ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் அதற்குத் துணை நிற்கின்றன. பிடிக்காதவர்கள் அந்த எண்ணை எதிர்த்து நீதிமன்றம் போகிறார்கள். எதிர்க்க முடிகிற அளவுக்கு அந்தச் சொல்லில் ஏதோ இருக்கிறது. ‘கடலோர மக்களின் கண்ணியம்’ என்பதை எதிர்த்து எவர், எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

வளர்ச்சி என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சேதுசமுத்திரத் திட்டம் போதும். 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது, 2007இல் உச்ச நீதிமன்றத்தின் தடையோடு முடங்கியது. ஒருபுறம் வளர்ச்சி என்றார்கள், மறுபுறம் நம்பிக்கை என்றார்கள், நாடே இரண்டாக நின்று பேசியது. தோண்டி எடுக்கும் மணலை எங்கே கொட்டுவார்கள், கால்வாயில் கப்பல் போகும்போது குறுக்கே எங்கள் வலையும் படகும் என்ன ஆகும் என்று கரையில் கேட்ட கேள்வி அந்த இரண்டு பெரிய சொற்களுக்கும் நடுவே எவர் காதிலும் விழவில்லை.

உங்கள் பணியை ஒழுங்குபடுத்தும் விதி ஒன்று ஏற்கெனவே இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி, மிக்சி, கிரைண்டர் அறிவிப்புகளை எதிர்த்து வந்த வழக்கில், 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறிக்கையில் தரும் வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்கீழ் ஊழல் நடவடிக்கை ஆகா என்று கூறியதோடு, வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2014இல் ஆணையம் நடத்தை விதிகளோடு அவற்றைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், அதற்கான பணம் எவ்வழியில் வரும் என்று பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும், நிறைவேற்றக் கூடியவற்றை மட்டுமே சொல்லி வாக்காளரின் நம்பிக்கையைக் கேட்க வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். இதில் ஒரு விந்தை உண்டு. மிக்சி தருகிறேன் என்று எழுதுகிறவர் எத்தனை மிக்சி, எத்தனை கோடி என்று விளக்க வேண்டியிருக்கிறது. மாண்பு தருகிறேன் என்று எழுதுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் மாண்புக்குக் கொள்முதல் விலை கிடையாது. குறிப்பாக வாக்குக் கொடுப்பவர் கேள்விக்கு உள்ளாகிறார், மங்கலாகப் பேசுகிறவர் தப்பிவிடுகிறார். நல்ல எண்ணத்தில் வந்த விதிதான், ஆனால் அது உங்களைப் பெரிய சொற்களின் பக்கமே தள்ளுகிறது.

குறிப்பாக எழுதியவையும் முழுதாக நிறைவேறிவிடுவதில்லை என்பதை நான் அறிவேன். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் அப்படி ஒன்று. இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கும் தூண்டில் படகுக்கு மாற வேண்டும். படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவரின் கைப்பணம் 8 லட்சம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்றார்கள். அந்த எண் எட்டப்படவில்லை. கைப்பணமும் கடனுமாக 24 லட்சத்துக்குப் பொறுப்பேற்க எல்லோராலும் முடியவில்லை. ஒரு பொழுது போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கும் தொழில் கைவரவில்லை. சூரைக்கு விலை வைக்கும் ஏற்பாடும் கரையில் இல்லை. இத்தனையும் எங்களால் பேச முடிகிறது என்றால், 80, 40, 16, 8, 2,000 என்று எழுதப்பட்டிருந்ததால்தான். தோற்ற திட்டம் என்று சிலர் சொல்வார்கள். கூடுதல் மானியம் கேட்கலாமா, கடனுக்கு வட்டி குறைக்கலாமா என்று அடுத்த மனு எழுத எனக்கு அதில் இடம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் அப்படியே. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது போதுமா என்று வாதிடலாம், வந்ததா வரவில்லையா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிடலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பாரம்பரிய உரிமை என்று எழுதுங்கள், தடையில்லை. அதற்கு அடுத்த வரியிலேயே, எந்தக் கலத்துக்கு, எந்தக் கடலில், எந்த வலைக்கு என்று எழுதுங்கள். மாநில அரசால் முடிவதையும் டெல்லியால் மட்டுமே முடிவதையும் பிரித்து எழுதுங்கள். உடன்பாட்டைத் திருத்துவது மாநில அமைச்சரவையின் கையில் இல்லை, கரையோரக் கடலில் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதன் கையில் இருக்கிறது. இழுவைமடி என்ற சொல்லை எழுதத் தயங்காதீர்கள். நிறுத்துவோம் என்றால் எந்த ஆண்டுக்குள், உரிமையாளருக்கு என்ன ஈடு, கூலிக்குப் போகிறவருக்கு என்ன வழி என்று சேர்த்து எழுதுங்கள். நிறுத்த மாட்டோம் என்றால் அதையும் எழுதிவிட்டு, தொப்புள்கொடியை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாசி எடுக்கும் பெண்ணை மீனவர் என்று கணக்கில் கொள்கிறீர்களா இல்லையா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை போதும்.

கருத்துக் கேட்பு என்று நீங்கள் வரும்போதெல்லாம் மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம் எடுத்து, விசைப்படகுச் சங்கத்தை ஒரு மணிக்கும் நாட்டுப்படகுச் சங்கத்தை மூன்று மணிக்கும் தனித்தனியே வரச்சொல்கிறீர்கள். இருவருக்கும் ஒரே பதில் கிடைக்கிறது, இருவரும் மகிழ்ந்து திரும்புகிறார்கள். அடுத்த முறை தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், அவர்கள் ஊரில் இருப்பார்கள். மற்றவர்கள் மாலையில் வந்துவிடுவார்கள். தேர்தல் வரும் ஆண்டில் தடைக்காலத்துக்கு முன்பே அறிக்கை அச்சாகியிருக்கும் என்பதால், அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட வேண்டும். எல்லோரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து, உங்கள் வரைவில் உள்ள மீனவர் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கடைசி வரி வரை ஒருவரும் எழுந்து சண்டைக்கு வரவில்லை என்றால், அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்ப எழுதிக் கொண்டுவாருங்கள். பந்தலையும் நாற்காலியையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுப்பவன்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.